வாசிக்காமல் விடப்படும் பெயர்கள்

பழைய ஏற்பாட்டை இலக்கியமாகக் கொண்டு படிக்கும் நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. யோபுவின் முறையீட்டையும் ரூத்தின் கதையையும் உன்னதப்பாட்டின் உவமைகளையும் அவர்கள் சுவைத்துச் சொல்லுவார்கள். நாளாகமம் முதலாம் புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் மாத்திரம் ஒரு புன்சிரிப்புத்தான் விடையாக வரும். அந்த நூலின் முதல் ஒன்பது அதிகாரங்களும் பெரும்பாலும் பெயர்கள். ஆதாம், சேத், ஏனோஸ் என்று, எபிரேய மூலத்தில் ஒரு வினைச்சொல்கூட இல்லாமல் அது தொடங்குகின்றது. பிறகு பெற்றான், பெற்றான் என்று தலைமுறை தலைமுறையாக ஓடுகின்றது. கதையும் இல்லை, உவமையும் இல்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தாவீதின் கதைக்குப் போய்விடுவதே வாசகரின் வழக்கம்.

நேயர்களே, அப்படிப் புரட்டப்பட்ட பக்கங்களுக்குள்ளே இருக்கும் சிலரைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். ஆபிரகாமையும் தாவீதையும் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது கோசு, ஒக்லாள், எஸ்பால், யர்கா என்போரைப் பற்றி. இவர்கள் யார் என்று கேட்பீர்களானால், அப்படிக் கேட்கும் நிலையில் இவர்கள் இருப்பதே இந்தப் பேச்சுக்குக் காரணம்.

முதலில் ஒரு கேள்வி. இந்தப் பெயர்களை எழுதிவைத்தவர்கள் எதற்காக எழுதினார்கள்? ஏடு எழுதுவது எளிதான காலமா அது? தோலும் மையும் விலையுயர்ந்தவை. எழுதத் தெரிந்தவர் சிலரே. அப்படியிருக்க, ஒரு செயலும் செய்யாத ஒருவனின் பெயரைத் தலைமுறைக்குத் தலைமுறை பிரதிசெய்து காப்பாற்றினார்கள் என்றால், அந்தப் பெயரில் யாருக்கோ ஒரு உரிமை தொங்கிக்கொண்டிருந்தது என்றுதான் பொருள். அது காணி உரிமையாக இருக்கலாம். கோவில் ஊழிய உரிமையாக இருக்கலாம். இந்தச் சனத்துக்குள் நானும் ஒருவன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையாகவும் இருக்கலாம்.

எஸ்றாவின் நூல் இதனை வெளிப்படையாகவே காட்டுகின்றது. கி.மு. 538ஆம் ஆண்டளவில் பாரசீக மன்னன் கோரேஸ் அனுமதி வழங்க, பாபிலோனில் சிறையிருந்த யூதர்கள் எருசலேமுக்குத் திரும்புகிறார்கள். திரும்பியவர்களின் பட்டியலை இரண்டாம் அதிகாரத்தில் காணலாம். மொத்தம் 42,360 பேர். ஊர் பாழாய்க் கிடக்கின்றது, ஆலயம் இடிந்து கிடக்கின்றது, ஆனால் பட்டியல் மாத்திரம் ஒழுங்காக இருக்கின்றது! அந்தப் பட்டியலின் கடைசியில் ஒரு சிக்கல் வருகின்றது. தெல்மெலா முதலான இடங்களிலிருந்து வந்த 652 பேர் தாங்கள் இஸ்ரவேலர்தாம் என்று நிரூபிக்க முடியாமல் நிற்கிறார்கள். நெகேமியாவின் நூலில் உள்ள அதே பட்டியலில் இத்தொகை 642 என்றிருக்கின்றது. பிரதிசெய்தவனின் கை தவறியிருக்கலாம். ஆயினும் தங்கள் தந்தையர் யாரெனக் காட்ட முடியாத ஒரு கூட்டம் நின்றது என்பதில் இரு நூல்களும் ஒத்துப்போகின்றன.

அவர்களுக்கு அடுத்து நிற்பவர்கள் மூன்று ஆசாரியக் குடும்பத்தினர். அபாயாவின் புத்திரர், கோசின் புத்திரர், பர்சிலாயின் புத்திரர். இவர்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினார்கள், அது அகப்படவில்லை. விளைவு என்ன? தீட்டானவர்கள் என்று ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். ஊரீம், தும்மீம் என்ற திருவுளச் சீட்டுகளைக் கொண்டு தீர்ப்புச் சொல்லவல்ல ஓர் ஆசாரியன் எழும்பும் வரையில் மகா பரிசுத்தமான உணவை உண்ணக்கூடாது என்று ஆளுநர் கட்டளையிட்டார். ஆசாரியனுக்கு அந்த உணவு வெறும் மரியாதை அல்ல, அவன் வயிற்றுப்பாடு. ஒரு துண்டு ஏடு காணாமற் போனதால் ஒரு குடும்பத்தின் அடுப்பில் கைவைத்தாகிவிட்டது.

கோசு என்ற இந்தப் பெயர் எபிரேயத்தில் ஹக்கோஸ். முள் என்ற பொருளுடைய சொல். அந்த முள் எளிதில் மழுங்கிவிடவில்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கின்றது. நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டியபோது ஒவ்வொரு பகுதியையும் யார் கட்டினார் என்று ஒரு பட்டியல் தருகின்றார். அதில் கோசின் மகன் உரியாவின் மகன் மெரெமோத் என்பவன் ஒன்றல்ல, இரண்டு பகுதிகளைக் கட்டினான் என்றிருக்கின்றது. எஸ்றா பாபிலோனிலிருந்து கொண்டுவந்த வெள்ளியும் பொன்னும் ஆலயத்தில் நிறுத்துக் கொடுக்கப்பட்டபோது, அதனைக் கையேற்றவன் ஆசாரியனாகிய உரியாவின் மகன் மெரெமோத். இருவரும் ஒருவரே என்று கொள்ளும் அறிஞர் பலர். அப்படியானால், தந்தையர் பெயர் அகப்படாமல் வெளியே நிறுத்தப்பட்ட குடும்பம் சில தலைமுறைகளுக்குள் ஆலயக் கருவூலத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. நாளாகமத்தின் இருபத்துநான்காம் அதிகாரத்தில் ஆசாரியர்களின் 24 வகுப்புகள் எண்ணப்படுகின்றன. அங்கே ஏழாவது வகுப்பு கோசின் வகுப்பு! இன்னும் பின்னே வந்தால், யூதா மக்கபே கி.மு. 161இல் உரோமாபுரிக்கு அனுப்பிய தூதர் இருவருள் ஒருவர் கோசு குடும்பத்து யோவானின் மகன் யூப்போலெமு. கிரேக்க மொழியில் யூத வரலாறு எழுதிய யூப்போலெமு இவரே என்பது பலருடைய கருத்து. பட்டியலில் இடமில்லை என்று சொல்லப்பட்ட ஒரு பெயரை ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் துரத்திக்கொண்டு போனால் இப்படி ஒரு கதை கிடைக்கின்றது. இதனை எந்தக் கதாசிரியனும் எழுதிவைக்கவில்லை. நான்கு வேறு நூல்களின் பெயர்ப்பட்டியல்களையும் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவனுக்கே இது தெரியும்.

இனி ஐந்து பெண்களிடம் வருவோம். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். மனாசே கோத்திரத்துச் செலோப்பியாத் என்பவனுக்கு ஆண்மக்கள் இல்லை. இந்த ஐந்து பெண்மக்களே. இங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். பேழை கட்டிய நோவாவின் பெயரும் இந்தப் பெண்ணின் பெயரும் எபிரேயத்தில் வெவ்வேறு எழுத்துகளால் எழுதப்படுபவை. ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஏவாள், சாராள் என்று எழுதிய கை இங்கும் ஓர் ஆள் விகுதியைச் சேர்த்து நோவாளைப் பெண்ணாகவே காப்பாற்றிவிட்டது.

எண்ணாகமத்தில் இந்த ஐவரும் மோசேக்கும் ஆசாரியனுக்கும் தலைவர்களுக்கும் சபை அனைத்துக்கும் முன்பாக வந்து நின்று வழக்குரைக்கிறார்கள். ஆண்பிள்ளை இல்லை என்பதற்காக எங்கள் தகப்பனின் பெயர் அற்றுப்போக வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. தகப்பனின் சகோதரரோடு எங்களுக்கும் காணி தாருங்கள் என்கிறார்கள். வழக்கு அவர்கள் பக்கம் தீர்கின்றது. மகன் இல்லாவிடில் மகளுக்குச் சொத்து என்று சட்டமே பிறக்கின்றது. ஆனால் அத்துடன் முடியவில்லை. கோத்திரத்துப் பெரியவர்கள் பிற்பாடு வந்து, இவர்கள் வேறு கோத்திரத்தில் மணம் முடித்தால் எங்கள் நிலம் கைமாறிப் போய்விடுமே என்று முறையிடுகிறார்கள். ஆகவே கோத்திரத்துக்குள்ளேயே மணமுடிக்க வேண்டும் என்று இன்னொரு விதி வருகின்றது. ஐவரும் தந்தையின் சகோதரர் பிள்ளைகளையே மணந்தார்கள். கையில் கொடுத்த காணி உறுதியைப் பெரியவர்கள் மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றுகின்றது.

யோசுவாவின் நூலில் நிலம் பங்கிடப்படுகின்றது. மனாசேயின் புத்திரரில் அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், செகேம், எப்பேர், செமீதா என்று ஆறு வம்சங்கள். எப்பேர் இந்தப் பெண்களின் பாட்டன். அவன் பங்கு இந்த ஐவருக்கும் போகின்றது. ஆக, ஐந்து ஆண்கள், ஐந்து பெண்கள், பத்துப் பங்குகள்.

இது வெறும் பக்திக் கதை, பின்னாளில் புனையப்பட்டது என்று ஒருவர் சொல்லலாம். 1910ஆம் ஆண்டில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஜோர்ஜ் ரெய்ஸ்னர் என்ற தொல்லியலறிஞர் பாலஸ்தீனத்தில் பழைய சமாரியாவின் மேட்டைத் தோண்டினார். வட இஸ்ரவேல் மன்னர்களின் அரண்மனை இருந்த இடம் அது. அரண்மனைக்கு அருகே ஒரு கட்டிடத்தின் தரைக்குக் கீழே உடைந்த பானை ஓடுகள் கிடைத்தன. நூறளவிலான ஓடுகளில் மையால் எழுதப்பட்டிருந்தது. அவற்றில் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவை வாசிக்கத்தக்கவை. கி.மு. எட்டாம் நூற்றாண்டுக்குரியவை. பெரிய காவியம் ஏதும் அல்ல. இன்ன ஆண்டில், இன்ன பகுதியிலிருந்து, இன்னாருக்கு ஒரு சாடி பழைய திராட்சரசம். அல்லது ஒரு சாடி சுத்தமான எண்ணெய். இவ்வளவுதான். சாடிகள் வந்து சேர்ந்ததைக் கணக்கன் ஒருவன் கைக்கு எட்டிய ஓட்டில் குறித்துவைத்த சிட்டைகள் அவை.

அந்தச் சிட்டைகளில் வரும் பகுதிப் பெயர்களைப் பாருங்கள். அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், செகேம், செமீதா. யோசுவாவின் பட்டியலில் உள்ள ஆறு ஆண்களில் ஐவர். ஆறாமவனான எப்பேர் அங்கே இல்லை. அவனுக்குப் பதிலாக இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று நோவாள், மற்றது ஒக்லாள்.

அந்தப் பழைய ஓடுகளில் தகப்பன் செலோப்பியாத் இல்லை. பாட்டன் எப்பேர் இல்லை. பேத்திமார் இருவர் ஒரு வட்டாரத்தின் பெயராக, அங்கிருந்து வந்த திராட்சரசச் சாடியின் மேல் இருக்கிறார்கள். ஒக்லாள் என்ற பெயரைக் கவுதாரியைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புபடுத்துவார்கள். திர்சாளின் பெயரைக் கொண்ட நகரமோ சமாரியாவுக்கு முன் வட இஸ்ரவேலின் தலைநகராக இருந்தது. உம்ரி என்ற மன்னன் அங்கே ஆறு ஆண்டுகள் அரசாண்ட பிறகே, சேமேர் என்பவனிடம் இரண்டு தாலந்து வெள்ளிக்கு ஒரு மலையை வாங்கிச் சமாரியாவைக் கட்டினான்.

ஆராய்ச்சியாளர் இதற்கு வேறு விதமாகவும் விளக்கம் சொல்லுவர். ஊர்களின் பெயர்கள் முதலில் இருந்தன, அந்த ஊர்களையே பின்னர் பெண்களாக உருவகித்து வம்ச அட்டவணையில் சேர்த்தார்கள் என்பர். இருக்கலாம். அக்காலத்து அட்டவணைகளில் தகப்பன், மகன் என்பவை பல இடங்களில் ஊரையும் குடியையும் குறிப்பவைதாம். எப்ரோனின் தகப்பன், பெத்லெகேமின் தகப்பன் என்றெல்லாம் வருகின்றது. எனக்கு வேண்டியது வேறொன்று. ஊர்களைப் பெண்களாக்கியவர்கள் அவர்களை வாயில்லாப் பூச்சிகளாக ஆக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. சபையின் முன் நிறுத்திப் பேசவைத்தார்கள். பெண்ணின் பெயரில் நிலம் இருந்தது என்ற நினைவு எவ்வளவு ஆழமாக இருந்திருந்தால் அதற்கு ஒரு வழக்கும் ஒரு சட்டமும் தேவைப்பட்டிருக்கும்!

மூன்றாவது பெயர் எஸ்பால். சவுல் மன்னன் போரில் மடிந்தபின் அவன் மகன் ஒருவன் சிறிது காலம் அரசாண்டான். சாமுவேலின் இரண்டாம் நூலைப் படித்தவர்கள் அவனை இஸ்போசேத் என்று அறிவர். யோனத்தானின் மகனும், தாதியின் கையிலிருந்து விழுந்து இரு கால்களும் முடமானவனுமாகிய மேவிபோசேத்தையும் அறிவர். போசேத் என்றால் வெட்கம், இழிவு. வெட்கத்தின் மனிதன் என்று எந்தத் தகப்பன் தன் பிள்ளைக்குப் பெயர் வைப்பான்? அரசன் வைப்பானா?

விடை நாளாகமத்தின் அந்த வாசிக்கப்படாத அதிகாரத்தில், எட்டாம் அதிகாரத்தின் பென்யமீன் வம்சத்தில் இருக்கின்றது. அங்கே மகனின் பெயர் எஸ்பால். பேரனின் பெயர் மெரிபால். பாகால் என்றால் ஆண்டவன், உடையவன். கணவனுக்கும் அதுவே சொல். கானானியரின் தெய்வத்துக்கு அது பெயர் என்றாலும், ஒரு காலத்தில் இஸ்ரவேலர் தம் இறைவனையும் அந்தச் சொல்லால் அழைத்திருக்கிறார்கள். தாவீதுடன் சேர்ந்த வீரருள் ஒருவனுக்குப் பெயர் பெயலியா. யா என்ற இறைவனே பாகால் என்பது அதன் பொருள். இனிமேல் என்னைப் பாகால் என்று அழைக்க வேண்டாம் என்று இறைவன் சொல்வதாக ஓசியாவின் நூலில் வருவதே அப்படி அழைத்தவர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி. பின்னாளில் அந்தச் சொல் வெறுப்புக்குரியதானபோது, கதையைப் பிரதிசெய்தவர்கள் பாகாலை நீக்கி வெட்கத்தை வைத்தார்கள். கதையைப் பலரும் வாசிப்பார்கள், சபையில் வாசிப்பார்கள். ஆகவே திருத்தவேண்டிய தேவை அங்கே இருந்தது. பெயர்ப்பட்டியலை யார் வாசிக்கப் போகிறார்கள்? அது திருத்துவோரின் கைக்குத் தப்பிவிட்டது. நம்மைப் போன்ற பக்கம் புரட்டும் வாசகர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு போலும்.

2012இல் எருசலேமுக்குத் தென்மேற்கே ஏலா பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் கிர்பெத் கெயாபா என்ற இடத்தில் ஒரு சாடியின் துண்டுகள் கிடைத்தன. தாவீதும் கோலியாத்தும் பொருதியதாகச் சொல்லப்படும் பள்ளத்தாக்கு அது. துண்டுகளைப் பொருத்திப் பார்த்தபோது, சுடுவதற்கு முன்பே ஈரக் களிமண்ணில் கீறப்பட்ட எழுத்துகள் தெரிந்தன: பேதாவின் மகன் எஸ்பால். காலம் ஏறத்தாழ கி.மு. 1000. 2015இல் இதனை வெளியிட்டார்கள். இவன் சவுலின் மகன் அல்லன். தகப்பன் பெயர் வேறு. ஆனால் அந்தக் காலத்தில், அந்த நிலப்பரப்பில், எஸ்பால் என்று மனிதர்கள் வெட்கமின்றிப் பெயர் வைத்துக்கொண்டார்கள் என்பது உறுதியாகிவிட்டது. சமாரியாவின் ஓடுகளிலும் பாகால் சேர்ந்த பெயர்களும் யா சேர்ந்த பெயர்களும் அடுத்தடுத்து வருகின்றன.

இன்னொரு பெயரை விரைவாகச் சொல்லிவிடுகின்றேன். நாளாகமத்தின் ஆசாரிய வம்சத்தில் இல்க்கியாவின் மகன் அசரியா என்றொருவன் வருகின்றான். இல்க்கியா பெயர்பெற்றவர், யோசியா மன்னன் காலத்தில் ஆலயத்தில் நியாயப்பிரமாணப் புத்தகத்தைக் கண்டெடுத்தவர். மகனுக்கு அப்படி ஒரு கதையும் இல்லை. 1982இல் இகால் ஷிலோ என்ற தொல்லியலறிஞர் எருசலேமில் தாவீதின் நகரம் எனப்படும் பகுதியில் 51 களிமண் முத்திரைகளைக் கண்டெடுத்தார். ஏடுகளைக் கட்டிய நூலின் மேல் ஒட்டப்பட்ட சிறு களிமண் உருண்டைகள் அவை. கி.மு. 586இல் பாபிலோனியர் நகரை எரித்தபோது ஏடுகள் சாம்பலாயின. களிமண்ணோ சூளையிலிட்டதுபோல வெந்து நிலைத்தது. அவற்றுள் ஒன்றில் இல்க்கியாவின் மகன் அசரியா என்றிருக்கின்றது.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, பட்டியல் பொய் சொல்லாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பட்டியலும் நன்றாகவே பொய் சொல்லும். சாமுவேல் தீர்க்கதரிசியின் தந்தை எப்பிராயீம் மலைநாட்டவன், எப்பிராயீமியன் என்று சாமுவேலின் நூல் தொடங்குகின்றது. நாளாகமத்தில் அதே குடும்பம் லேவி கோத்திரத்தில் வந்து அமர்ந்துவிடுகின்றது. சிறுவயதிலேயே ஆலயத்தில் ஊழியஞ் செய்தவன் லேவியனாக இல்லாவிட்டால் எப்படி என்று பின்னாளில் யாரோ யோசித்திருக்கிறார்கள். காலேப் என்ற வீரனை எண்ணாகமம் கேனாசியன் என்கின்றது. அதாவது வேற்றுக் குடியினன். நாளாகமத்தில் காலேபின் வம்சம் யூதாவின் நடுவீட்டில் இருக்கின்றது. வெளியே இருந்தவர்களை உள்ளே எடுக்க அக்காலத்தவர் கண்ட வழி இதுதான். ஒரு தகப்பனைக் கொடுத்துவிடுவார்கள்.

இங்கேதான் எஸ்றாவும் நாளாகமக்காரரும் எதிரெதிரே நிற்பதாக நான் காண்கின்றேன். எஸ்றாவின் நூலின் கடைசி அதிகாரம் அந்நியப் பெண்களை மணந்தவர்களைப் பற்றியது. மழைக்காலத்தில், ஆலயத்தின் முன் திறந்த வெளியில் சனங்கள் நடுங்கிக்கொண்டு நிற்க, மனைவியரை அனுப்பிவிட வேண்டும் என்று முடிவாகின்றது. அதன் பிறகு வருவது ஒரு பட்டியல். மணந்த ஆண்களின் பெயர்கள் நூற்றுக்கு மேல், குடும்பம் குடும்பமாக எழுதப்பட்டிருக்கின்றன. அவர்களில் சிலருக்கு அந்த மனைவியரிடத்தில் பிள்ளைகளும் இருந்தார்கள் என்ற குறிப்போடு நூல் நின்றுவிடுகின்றது. பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட அங்கே இல்லை.

நாளாகமத்தை எழுதியவரும் அதே நூற்றாண்டுகளின் மனிதர். பெரும்பாலோர் அவரைக் கி.மு. நான்காம் நூற்றாண்டில் வைப்பர். அதே ஆலயம், அதே எருசலேம். ஆனால் அவருடைய யூதா வம்ச அட்டவணையைப் பாருங்கள். யூதாவின் முதல் மனைவி கானானியப் பெண் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். தாவீதின் சகோதரி அபிகாயிலின் கணவன் இஸ்மவேலன் என்கிறார். மேரேத் என்பவன் மணந்தவள் பார்வோனின் மகள் பித்தியாள் என்கிறார். எப்பிராயீம் வம்சத்தில் சேராள் என்ற பெண் மேல் பெத்தொரோன், கீழ் பெத்தொரோன் முதலிய ஊர்களைக் கட்டினாள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்கிறார். பழைய ஏற்பாட்டில் ஊர்களைக் கட்டியதாகச் சொல்லப்படும் பெண் இவள் ஒருத்தியே. மேற்கொண்டு ஒரு வார்த்தை கிடையாது!

யூதா வம்சத்தின் நடுவில் சேசான் என்பவன் வருகின்றான். அவனுக்கும் செலோப்பியாத்தைப் போலவே ஆண்மக்கள் இல்லை, பெண்மக்களே. அவன் தன் சகோதரர் பிள்ளைகளைத் தேடிப் போகவில்லை. அவனிடம் யர்கா என்ற பெயருடைய எகிப்திய அடிமை ஒருவன் இருந்தான். தன் மகளை அந்த அடிமைக்குக் கட்டிக்கொடுத்தான். எகிப்தில் அடிமைப்பட்டதையே தம் வரலாற்றின் தொடக்கமாகச் சொல்லிவந்த ஒரு சனம் இது. அந்தச் சனத்தின் அரச கோத்திரமான யூதாவில், எகிப்தியன் ஒருவன் அடிமையாக இருந்து மருமகனாகின்றான். மகளின் பெயர் இந்த இடத்தில் சொல்லப்படவில்லை. சில வசனங்களுக்கு முன் சேசானின் பிள்ளையாக வரும் அக்லாய் அவளாகவே இருக்கலாம் என்பர்.

அந்நிய மனைவியரை அனுப்பிவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன நகரத்தில், அந்நிய மருமகனின் வழித்தோன்றல்களை நாளாகமக்காரர் ஒருவர் விடாமல் எழுதுகின்றார். அத்தாயி, நாதான், சாபாத், எப்லால், ஓபேத், ஏகூ, அசரியா, ஏலேத்ஸ், எலெயாசா, சிஸ்மாய், சல்லூம், எக்கமியா, எலிஷாமா. பதின்மூன்று தலைமுறை. இவர்களில் எவரும் என்ன செய்தார் என்று ஒரு சொல் இல்லை. பெயர்கள் எல்லாம் யூதாவின் கணக்கில் இருக்கின்றன.